மரியம்மாளுக்கு ஒரே பிள்ளை

மரியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம்தானே என்று நினைப்பவர்கள் அவளுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மாதம் குடியிருந்து பார்க்க வேண்டும். முசரவாக்கத்துக் காலனியில் யார் வீட்டுக்காவது மாப்பிள்ளை பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தால், முதல் வேலையாக மரியம்மாளை ஏதாவது சாக்குச் சொல்லிக் காஞ்சிபுரம் டவுனுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை அனுப்ப மறந்துபோனார்கள். வந்தவர்கள் நேராக அவளிடமே, "பையன் எப்படிம்மா?" என்று கேட்டுத் தொலைத்தார்கள். "தங்கமான புள்ளபா. சனிக்கெழம மட்டும் குடிப்பான், ஞாயித்துக்கெழம மட்டும் அடிப்பான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வந்த கார் காப்பி கூடக் குடிக்காமல் திரும்பிப் போனது.

அந்த வீட்டில்தான் நதியா வளர்ந்தாள். அப்பா வீராசாமி பட்டுத்தறி நெய்கிறவர். சின்ன வயதிலேயே காது போய்விட்டது. மாகறல் கோயில் வரை போய் வேண்டிக்கொண்டும் வரவில்லை. அண்ணன் ஜெபகுமார் அவளைவிட ஐந்து வயது பெரியவன். அம்மா மரியம்மாள் கோலார் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டில் சாதிச் சான்றிதழுக்காக மற்ற எல்லோரும் இந்து. அம்மா மட்டும் வேதக்காரி.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். நதியாவுக்கு அப்போது பதினான்கு வயது. அப்பாவுக்குக் கேட்காது என்பதால் எல்லாவற்றுக்கும் அம்மாவே பதில் சொன்னாள். மதம் என்ன என்ற இடத்தில் தகராறு வந்தது.

"அவுங்கல்லாம் சர்டிபிகேட்டுல இந்து. நா வேதக்காரி" என்றாள் மரியம்மாள்.

"உனக்கும் இந்துன்னே போட்டுடறேன்மா. எதுக்கு வம்பு? சலுகை கிலுகை போயிடப் போவுது" என்றார் டீச்சர், நல்ல மனசோடுதான்.

"கோலார்ல ஞானஸ்நானம் எடுத்தவ நானு. படிச்ச பொம்பள, பேனாவ கையில வெச்சிக்கினு பொய் எழுதலாமா? எழுதாதம்மா."

டீச்சர் வாயை மூடிக்கொண்டு கிறிஸ்தவர் என்று எழுதினார். "போயி டீச்சருக்கு ஒரு கலர் வாங்கினு வா" என்று அம்மா நதியாவைக் கடைக்கு விரட்டினாள். அவள் பாட்டிலோடு திரும்பி வந்தபோது டீச்சர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை நதியா பிற்பாடு எத்தனையோ முறை வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். இப்போது அவள் காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறாள், கூடவே முனைவர் பட்டத்துக்கும் படிக்கிறாள். அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஜெபகுமார் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். வீட்டில் அம்மாவும் அவளும்தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் கடைசியில் பேப்பரில் வரும் கூட்டுத்தொகைதான். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது பத்தாது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார், என்ன வயது, என்ன வேலை என்று வரிவரியாக வேண்டும். அதற்காக நூறு வீட்டுக்கு ஒரு வீடு என்று பொறுக்கி எடுத்து, பேரையும் தெருவையும் ஊரையும் நீக்கிவிட்டு, மாவட்டத்தை மட்டும் விட்டுவைத்து ஒரு மாதிரித் தொகுப்பு வைத்திருக்கிறார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு அறை இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து பார்த்து, அட்டவணை போட்டு, அட்டவணையை மட்டும் அவர்கள் சரிபார்த்துக் கொடுத்த பிறகு வாங்கிக்கொண்டு வரலாம்.

நதியா தேடியது தறி வீட்டுப் பெண்களை. புருஷன் தறியில் உட்கார்ந்தால், ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிச் சுற்றிக் கொடுப்பது மனைவி. அவள் கை நின்றால் தறி நிற்கும். கணக்கெடுப்பில் அவளை வேலை செய்பவள் என்று எழுதியிருக்கிறார்களா, சும்மா இருப்பவள் என்று எழுதியிருக்கிறார்களா? இதுதான் அவள் ஆராய்ச்சி. பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக நடத்தும்போது அவள் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறும்.

"பேரை எடுத்தாச்சு, ஊரை எடுத்தாச்சு. அந்தப் பிரம்மனே வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாலும் இது யார் வீடுன்னு சொல்ல முடியாது" என்பாள்.

அபிநயா என்று கடைசி வருஷத்துப் பெண் ஒருத்தி. எதையும் லேசில் நம்பாதவள். "எங்க வீடு வந்துச்சுன்னா எனக்குத் தெரியாதா மேடம்?" என்று கேட்டாள்.

"நூத்துல ஒரு வீடு. அதுல உங்க வீடு எதுக்கும்மா வருது? உட்காரு."

வகுப்பே சிரித்தது. அபிநயா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் நதியா சென்னைக்குப் போனாள். அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் சிவராஜ் என்கிற அதிகாரி. ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார். "காஞ்சிபுரத்துலேர்ந்து வர்றீங்க, ஒரு கோயில் இட்லி கொண்டு வரக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே அவள் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார். யாரையும் அடையாளம் காண முயல மாட்டேன், காண நேர்ந்தால் வெளியே சொல்ல மாட்டேன்.

"ஜனங்க நம்மள நம்பி வீட்டு விஷயத்தச் சொல்லியிருக்காங்கம்மா. அத மட்டும் மறக்காதீங்க" என்றார்.

"எனக்குத் தெரியாதா சார்? நானே இதைத்தான் வகுப்புல சொல்றேன்" என்றாள் நதியா.

பழைய காஞ்சிபுரம் மாவட்டம், கிராமப்புறம், வீட்டிலேயே பட்டு நெசவு என்று சலித்தாள். வீடுகள் வரிவரியாக வந்தன. புருஷன், மனைவி, பிள்ளை, மாமியார். மனைவிக்கு நேரே வேலை இல்லை, வேலை இல்லை, வேலை இல்லை. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே போனாள்.

ஒரு வீட்டில் கண் நின்றது. குடும்பத் தலைவர் இந்து, நெசவு, காது கேளாதவர். மனைவி கிறிஸ்தவர். இப்படி ஒரே வீட்டில் இரண்டு மதம் வருவதே அபூர்வம். மனைவி பிறந்த இடம் கர்நாடகா, கோலார் மாவட்டம். இடம் பெயர்ந்த காரணம் திருமணம். மகன், வயது பத்தொன்பது. மகள், வயது பதினான்கு.

அட! நதியா வாய்விட்டே சிரித்துவிட்டாள். நம்ம வீடு! நூற்றில் ஒன்றாகப் பொறுக்கியதில் நம் வீடு விழுந்திருக்கிறது! அபிநயா கேட்டது ஞாபகம் வந்து இன்னும் சிரிப்பு வந்தது. அப்பாவின் வயது, அம்மாவின் வயது எல்லாம் அப்படியே இருந்தன. இறந்துபோன அப்பா உயிரோடு நெய்துகொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் மூடியிருக்க வேண்டும், கையெழுத்து காய்வதற்குள் அதை மறந்தாள். அம்மாவை வேலை செய்பவள் என்று எழுதியிருக்கிறார்களா பார்ப்போம் என்று வலது பக்கம் நகர்த்தினாள். எழுதியிருந்தார்கள். அம்மா விட்டிருப்பாளா என்ன? இன்னும் நகர்த்தினாள்.

பிறந்த பிள்ளைகள்: மூன்று. உயிரோடு இருப்பவை: ஒன்று.

இது வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். மேலே போய் மறுபடி பார்த்தாள். அதே வீடு. அதே வயதுகள். இன்னொரு கோலார் பெண், இன்னொரு காது கேளாத நெசவாளி, இதே மாவட்டத்தில்?

மூன்று பிறந்து, ஒன்று இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு செத்திருக்கின்றன. எந்த இரண்டு? அப்படி யாரும் சொன்னதே இல்லையே! உயிரோடு இருக்கும் ஒன்று யார்? ஜெபகுமார். அவன் பிறந்த ஆஸ்பத்திரி, அவன் பிறந்தபோது அடித்த மழை, எல்லாம் அம்மா ஆயிரம் முறை சொன்ன கதை. அப்படியானால் அந்தக் கடைசி வரியில் பதினான்கு வயது என்று உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி, அவள் யார்? பொய்யே சொல்லாத அம்மா, மதத்துக்காக டீச்சரிடம் மல்லுக்கு நின்ற அம்மா, அதே மூச்சில் எனக்கு ஒரு பிள்ளைதான் என்று சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் கலர் வாங்க அனுப்பினாளா?

"என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு?" என்று சிவராஜ் எழுந்து வந்தார்.

"ஏசி சார். ஒத்துக்கல" என்று சொல்லி எல்லாவற்றையும் மூடினாள். கையெழுத்துப் போட்டதே இப்போதுதான் உறைத்தது. அவர் பெட்டியைத் திறந்து போனைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. புத்தி தறிகெட்டு ஓடியது. சின்ன வயதிலிருந்து நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து, நான் சொல்லவில்லையா என்று கேட்டன.

பூவம்மாள். முசரவாக்கத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பம், மரியம்மாள் காலமெல்லாம் களையெடுத்தது அவள் கழனியில்தான். நதியா அடம்பிடித்தால், சோறு தின்னாமல் ஓடினால், அம்மா திட்டுவது ஒரே திட்டு: "நீ பூவம்மா பொண்ணுடி, அதான் இந்தக் கொழுப்பு." காலனிப் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டு கேலி செய்யும். யார் வீட்டில்தான் பிள்ளையை இப்படிச் சீண்டவில்லை? சிரித்துக்கொண்டே வளர்ந்தாள். ஆனால் காது குத்தக் கூட அம்மா, "பூவம்மாவக் கேட்டுக்கினு வரேன்" என்று போனாளே, அது எதற்கு? கல்லூரியில் சேர, ஹாஸ்டலில் தங்க, தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளக்கூடப் பூவம்மாவைக் கேட்க வேண்டும். ஜெபகுமாருக்கு யாரையும் கேட்டதில்லை. அவனுக்கு ஞானஸ்நானம் உண்டு, அவளுக்குக் கிடையாது. ஏன் என்று கேட்டபோது, "உனுக்குக் குடுக்க எனுக்கு உரிமையில்ல" என்றாள் அம்மா. ஏதோ அப்பாவுக்குப் பிடிக்காதுபோல என்று விட்டுவிட்டாள். பெரியவளானபோது பூவம்மாள் தங்கத் தோடு கொண்டுவந்து போட்டாள். நிலத்துக்காரி காலனிக்குள் வந்து, கூலிக்காரி வீட்டுப் பெண்ணுக்குத் தங்கம் போடுவாளா? எந்த ஊரில் நடக்கும் இது?

அம்மா ஒரு நாளும், ஒரே ஒரு நாளும், வாயால் "எம்பொண்ணு" என்று சொன்னதில்லை. "எம்புள்ள" என்றால் அது ஜெபா.

ஆனால் நதியாவின் முகம் அப்பாவின் முகம். மூக்கு, நெற்றி, முன்பல் இடைவெளி எல்லாமே வீராசாமிதான். அப்பா முகம், பூவம்மாள் பெண்... அந்த இடத்தில் வந்து நின்ற நினைப்பை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சீ, செத்துப்போன மனுஷன் மேல் என்ன நினைப்பு இது! அப்படி ஒன்று நடந்திருந்தால் காலனியையே கொளுத்தியிருப்பார்களே! கொளுத்தவில்லை என்றால் மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமா?

ஊரில் இறங்கியதும் கால் தானாகவே பூவம்மாள் வீட்டுப் பக்கம் போனது. கிழவி வாசலில் நாற்காலி போட்டு முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னாடி எஞ்சொத்து, மூஞ்சி தொங்கிக்கினு கெடக்குது? யாரு இன்னா சொன்னா?"

எஞ்சொத்து. எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். நதியா அந்த முகத்தில் தன்னுடையது ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். காது மடல், புருவம், விரல் நகம். எதுவும் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. "ஒண்ணுமில்ல, பஸ்ல தல சுத்திச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அன்று அம்மா போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் வகுப்பில் அபிநயா சும்மா இருக்காமல் எழுந்தாள். "மேடம், சென்னைக்குப் போனீங்களே, தறி வீடெல்லாம் வந்துச்சா? எங்க வீடு வந்துச்சா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். வழக்கமான பிரம்மன் வசனத்துக்காகக் காத்திருந்தார்கள். நதியா கரும்பலகையைத் துடைத்தாள். "இன்னைக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அபிநயா தான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று விழித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மரியம்மாள் நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. வெளியே குழாயடியில் பெண்களின் சத்தம். நதியா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மா, உனக்கு எத்தினி புள்ளைங்க?"

மரியம்மாள் தலையைத் தூக்கவில்லை. "ஒண்ணு."

யோசிக்கவே இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். நதியாவுக்கு நெஞ்சில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல் இருந்தது.

"ஜெபாவா?"

"அவன்தான்."

"அப்ப நானு?"

"நீ பூவம்மா பொண்ணு. இது இன்னா புதுசா கேக்குற? அந்த சொம்ப எடுத்துக்கினு வா."

"வெளையாடாதம்மா!" நதியாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "செத்துப்போன ரெண்டு புள்ளைங்க யாரு?"

கீரைக்காம்பு மரியம்மாள் கையிலிருந்து விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையை நதியா அதற்கு முன் பார்த்ததில்லை. திருடன் வீட்டுக்குள் வந்து நிற்பதைப் பார்ப்பவள்போல் பார்த்தாள்.

"உனுக்கு யார்டி சொன்னது? ஜெபாவுக்கே தெரியாதே."

"யாரோ சொன்னாங்க. நீ சொல்லு. நா யார் வயித்துல பொறந்தவ? அப்பாவுக்கும் அந்தம்மாவுக்கும் நடுவுல..."

பளார் என்று ஒரு அறை. உட்கார்ந்திருந்தவள் எப்போது எழுந்தாள் என்றே தெரியவில்லை.

"காது கேக்காத மனுஷன்னு கண்டதயும் பேசுவியா? செத்துப்போயிம் அந்தாளுக்கு நிம்மதி குடுக்க மாட்டியா?" என்று கத்தியவள், அறைந்த கையையே பார்த்துக்கொண்டு அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். அழுதாள். வீராசாமி செத்தபோதுகூட மரியம்மாள் இப்படி அழவில்லை.

மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். கதவுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, குரலை இறக்கி.

"ஜெபாவுக்கு அப்பால ரெண்டு பொண்ணு பொறந்துச்சி. மொதலு, கண்ணக்கூட சரியா தொறக்கல, போயிட்ச்சி. ரெண்டாவது நல்லாத்தான் இருந்துச்சி. குப்புற வுழுந்து, மூஞ்ச பாத்து சிரிக்கும். ஒரே காச்சல். தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கி ஓடுறேன், வழியிலயே தோளு ஜில்லுன்னு ஆயிட்ச்சி. அப்பால நீ வந்த. வயித்துல நீ இருக்குறன்னு தெரிஞ்சப்பவே எனுக்கு குலை நடுக்கம். கழனியில ஒக்காந்து அழுதுக்கினு இருந்தேன். பூவம்மா பாத்துட்டு, 'எனுக்கு வித்துடு மரியா, உங்கிட்ட இருந்தாத்தான சாவு வரும், எங்கிட்ட இருந்தா எப்டி வரும்'னு சொன்னா."

நதியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததும் குழந்தையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். விற்ற பிறகு அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு வரும் சாவு ஏமாந்து திரும்பிவிடும். கேலிக்குச் சொல்லக் கேட்டிருக்கிறாள். நிஜமாகவே முறத்தில் போட்டு விற்கப்பட்டவள் தான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"நீ பொறந்து ரத்தம்கூட தொடைக்கல. மொறத்துல தவுட எடுத்துக்கினு காலனிக்குள்ள வந்துட்டா அந்த மவராசி. அவ வூட்டுக்காரரு கலியன் தெருமுனையில நின்னுக்கினு கத்துறாரு, காலனிக்குள்ள எப்டிடி போவன்னு. அவ திரும்பியே பாக்கல. தவுட எம்மடியில கொட்டினா. உன்ன மொறத்துல போட்டு எடுத்துக்கினா. 'இது எம்பொண்ணு, நீ வளத்துக் குடு'ன்னு சொல்லி எங்கையில குடுத்தா. அவ்ளோதான். ஃபாதர்கிட்டகூட நா சொல்லல. சொன்னா திட்டுவாரு."

"அந்தத் தவுட்ட இன்னாம்மா பண்ண?" என்று நதியா கேட்டாள். ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னா பண்ணுவேன்? வெல்லம் போட்டு அடை சுட்டுத் துண்ணேன். புள்ள பெத்த ஒடம்பு, பசிக்காதா?"

நதியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அறை வாங்கிய கன்னம் எரிந்தது. "நீ பொய்யே சொல்ல மாட்டியேம்மா! கணக்கெடுக்க வந்த டீச்சர்கிட்ட எதுக்கு மூணு பொறந்தது, ஒண்ணுதான் இருக்குதுன்னு சொன்ன?"

"எதுடி பொய்யி? உன்ன பொண்ணுன்னு டீச்சரே எழுதிக்கினாங்க, நா வாயால சொல்லல. வித்துட்டேன். வித்த பொருள என்னுதுன்னு சொன்னாத்தான் அது பொய்யி."

"செத்ததுங்க ரெண்டயும் சொல்லிட்ட. உசுரோட இருந்த என்ன வுட்டுட்டியே."

மரியம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். "செத்ததுங்கள சொன்னா இன்னா? அதுங்கள இனிமே யாரு வந்து எடுத்துக்கினு போவப்போறா?"

நதியா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முருங்கைக் கீரை கசங்கியது. மரியம்மாள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

"அது சரி. நா டீச்சர்கிட்ட சொன்னது உனுக்கு எப்டித் தெரியும்? நீ கலர் வாங்கப் போயிருந்தியே."

சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவள்தான். ஆனால் கேட்பது அம்மா, சொன்னவளும் அவளே. நதியா சொன்னாள். சென்னையில் ஒரு அறை, அதில் நூற்றுக்கு ஒரு வீட்டைப் பொறுக்கி வைத்திருப்பது, படிக்கிறவர்கள் போய்ப் பார்ப்பது, அதில் தங்கள் வீடும் இருப்பது எல்லாம்.

"நம்ம பேரு போட்டா?"

"இல்லம்மா. பேரு, தெரு, ஊரு எதுவும் கெடயாது. எல்லாத்தயும் எடுத்துடுவாங்க. யாருன்னு யாருக்கும் தெரியாது."

"அப்பாடா" என்று மரியம்மாள் பெருமூச்சு விட்டாள். "அதான் சரி. புத்திசாலிங்க. பேரு இல்லன்னா அதுக்கு எங்க தெரியப்போவுது?" அது என்று சாவைச் சொன்னபோது கதவுப் பக்கம் பார்த்தாள்.

பிறகு அவள் முகம் மாறியது. மெல்ல மெல்ல மாறியது.

"பேரு இல்ல, ஊரு இல்லன்ற. அப்பால நீ எப்டிடி கண்டுபுடிச்ச?"

நதியா வாயைத் திறந்தாள். அப்பாவின் காது, அம்மாவின் கோலார், இரண்டு மதம் என்று சொல்ல வந்தாள். அதற்குள் மரியம்மாள் முந்திக்கொண்டாள்.

"நீ கண்டுபுடிச்சா, அதுவும் கண்டுபுடிக்குமில்ல?"

பிரம்மனே வந்தாலும் முடியாது என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவள் தானே கண்டுபிடித்திருக்கிறாள். இவ்வளவு நாள் தன்னை யாரிடமும் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தாள் அம்மா. அந்த அறைக்குப் போய்க் காட்டிக்கொடுத்தது தானேதான். கண்டுபிடித்ததோடு நில்லாமல், இன்றைக்கு அம்மாவின் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லவும் வைத்துவிட்டாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

மரியம்மாள் அவளை மடியிலிருந்து விலக்கினாள். எழுந்தாள். கீரை காலில் மிதிபட, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் நின்றாள். குழாயடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! எனுக்கு ஒரே புள்ளதான்! ஜெபகுமாருன்னு பேரு! உள்ள இருக்குறாளே, அவ பூவம்மா பொண்ணு! நா பெத்தவ இல்ல! எனுக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்ல!"

முசரவாக்கத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே பொம்பளை தொண்டை கிழியக் கத்தினாள். குழாயடியில் ஒருத்தி குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

நதியா வாசலுக்கு வந்தாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. நேற்று இதே வார்த்தைகளை ஒரு திரையில் படித்துத்தான் செத்துப்போனாள். இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"ஆமா. நா பூவம்மா பொண்ணுதான். இவங்க யாரோ, நா யாரோ."

மரியம்மாள் மூச்சிரைக்க அவளைப் பார்த்தாள். தெருவை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு நதியாவின் கையை இறுகப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.